அரை மீட்டர் கட்டம்

ரெய்கர் தெரு என் திரையில்
அரை மீட்டர் கட்டங்களாக இருக்கிறது.
கட்டத்துக்கு ஓர் உயரம்.
கடல்மட்டத்துக்குக் கீழே என்பதால்
எல்லா எண்ணுக்கும் முன்னால் ஒரு கழித்தல் குறி.
ராட்டர்டாமில் அதைப் பார்த்து
யாரும் பதறுவதில்லை.

முதுநிலை இரண்டாம் ஆண்டு.
நள்ளிரவுக்குப் பிறகு ஸ்டூடியோவில்
மழை பெய்விப்பது என் வேலை.
மணிக்கு எழுபது மில்லிமீட்டர்.
பொத்தானை அழுத்தினால்
காரில்லாத நாயில்லாத தெருவில்
நீலம் பரவும்.
"யாராவது மூழ்கினாங்களா?" என்பாள் வீட்ஸ்க.
"யாருமில்லை."
"அப்போ காபி."

எட்டு வண்டிகள் நிறுத்தும் இடத்தை எடுத்துவிட்டு,
செங்கல்லைப் பெயர்த்து,
கோரையும் அல்டரும் நட்ட நீள்பள்ளம்.
மழை அங்கே நின்று, யோசித்து, மண்ணுக்குள் இறங்கும்.
இறங்கியே ஆக வேண்டும்:
இந்த வீடுகள் நிற்பது பைன் மரக் கம்பங்களின் மேல்.
நனைந்திருக்கும்வரை மரம் மட்காது,
காய்ந்தால் பூஞ்சை தின்னும்.
வீட்டுக்குள் தண்ணீர் வரக் கூடாது,
வீட்டுக்கு அடியிலிருந்து போகவும் கூடாது.
இந்த ஒரு வாக்கியம் புரிய
எனக்கு மூன்று பருவம் ஆயிற்று.
கட்டணம் தனி.

வியாழன் காலை, மட்டக்கோலோடு
நாற்பத்தொன்றாம் எண் வீட்டின் முன் நின்றோம்.
இரவு வேலை முடித்து வந்தார் டெல்ஃபிம்,
கேப் வெர்டேக்காரர், ரொட்டி சுடுபவர்.
புருவத்தில் மாவு.
அவர் வேன் நிற்பது எங்கள் கோரைக்குள்,
இடமிருந்து ஐந்தாவது.
"செடி என் ரொட்டியைச் சுமக்குமா?"
வேர்கள், ஆவியாதல் என்று வீட்ஸ்க ஆரம்பித்தாள்,
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவர் சண்டைக்கு வரவில்லை.
கதவைத் திறந்து சுவரின் அடியைக் காட்டினார்.
போன ஆகஸ்ட் விட்டுப்போன பழுப்புக் கோடு.
"நகராட்சி வரைபடத்தில் என் வீடு காய்ந்திருக்கிறதாம்."

என் வரைபடத்திலும்தான்.

கோலை நிலைப்படியில் வைத்தோம்.
இரண்டு முறை வைத்தோம்.
பக்கத்து வீட்டுப் பூத்தொட்டி மேடையும்
இவர் நிலைப்படியும் ஒரே கட்டத்தில் விழுந்து,
சராசரி எடுக்கப்பட்டு,
பதினோரு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது அவர் வாசல்,
திரையில் மட்டும்.

அன்றிரவு அந்த ஒரு கட்டத்தைக் கையால் திருத்தினேன்.
பொத்தான்.
நீலம் தெருவில் எங்கும் தடுமாறவில்லை.
எங்கள் அழகான பள்ளம் நிரம்பி
வழிந்த நீரை விருந்தாளிபோல் அழைத்துப் போய்
நாற்பத்தொன்றில் விட்டது.
வீட்ஸ்க ஒன்றும் கேட்கவில்லை.
காபியும் இல்லை.

தலைக்கு மேல் போன வெள்ளத்துக்குச்
சாண் என்ன, முழம் என்ன.
நிலைப்படிக்குக் கீழே நிற்கும் வெள்ளத்துக்கு
விரற்கடைதான் கணக்கு.
நான் படித்த படிப்பு முழுக்க
அந்த விரற்கடைக்குள் இருக்கிறது என்று
ஒரு பாடத்திட்டமும் சொல்லவில்லை.

வழிவாயை வடக்கே திருப்பினோம்.
அவர் கதவுக்கு முன்னால் ஒரு செங்கல் மேடு,
அதன்மேல் வேன் நிற்கலாம்.
எட்டு ஏழானது.
முப்பத்தெட்டு கன மீட்டர் முப்பத்துமூன்று.
பசுமை மதிப்பீட்டில்
தங்கத்திலிருந்து வெள்ளிக்கு இறங்கினோம்.

"ஏன் ஏழு?" என்றார் தேர்வாளர் ஹில்கர்சொம்.
டெல்ஃபிமைப் பற்றிச் சொன்னேன்.
"இதைப் பொதுவிதியாக்க முடியுமா?"
"முடியாது. போய்த்தான் பார்க்க வேண்டும்."
ஏதோ எழுதினார்.
பத்துக்கு ஏழு.

ஆய்வேடு இப்போது ஒரு கோப்பு.
நகராட்சியின் மேசையில் எத்தனையாவது என்று தெரியாது.
தெருவில் ஒரு கல்லும் பெயரவில்லை.

ஜூன் கடைசியில் ஒருநாள்
இரண்டு மணிக்கு மழை பிடித்தது, நிஜ மழை.
எத்தனை மில்லிமீட்டர் என்று தலை தானாகக் கணக்கிட,
கால்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தன.
நாற்பத்தொன்றில் விளக்கில்லை, வேனில்லை.
அவர் அடுப்பின் முன் நிற்கும் நேரம்.
கதவுக்கு வெளியே
மாவுச் சாக்கில் மணல் அடைத்துப் போட்டிருந்தார்,
ஓர் ஓரத்தில் இடைவெளி.
காலணி நுனியால்
அதைத் தள்ளி நெருக்கினேன்.